பல் டாக்டரைப் பார்க்கப் போகவில்லை

அன்பு மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பாடம் நடத்துகிறவன் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். 2023 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, திருச்சி தில்லைநகரில் ஒரு கட்டடத்தின் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே என் பழைய மாணவன் ஒருவன் இறங்கி வந்தான். முதல் மாடியில் பல் மருத்துவமனை. அவன் அம்மாவுக்குப் பல் கட்ட வந்தானாம். "சார், நீங்களும் பல்லுக்கா?" என்றான். "ஆமாம்பா, கடைவாய்ப் பல்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன். பாவம், அவன் என் கையைப் பிடித்து மறுபடி மேலே அழைத்துப் போய் வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டுத்தான் கிளம்பினான். அவன் வண்டிச் சத்தம் அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டாம் மாடிக்கு ஏறினேன்.

இரண்டாம் மாடியில் நான் பார்க்கப் போனது மனநல ஆலோசகரை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்ற வாரம் ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "சார், நாளைக்கு முதல் தடவையா ஒரு தெரபிஸ்டைப் பார்க்கப் போறேன். வீட்ல யாருக்கும் தெரியாது. உள்ள போனா என்ன கேப்பாங்க? பயமா இருக்கு சார். தப்பா நினைக்காதீங்க." நான் போன கதை அவளுக்குத் தெரியாது. வகுப்பில் எப்போதோ, "சந்தேகம்னா எந்த வயசிலயும் வந்து கேக்கலாம்" என்று சொல்லியிருந்தேனாம். அவளுக்கு அன்றைக்குப் பத்து வரியில் பதில் எழுதினேன். அவளைப் போல இன்னும் நாலு பேர் உங்களுக்குள் இருக்கக்கூடும் என்று தோன்றியது. அவள் அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

ஏன் போனேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் வீட்டம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். மாலை வகுப்பு முடிந்து லால்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தவள். 2017 ஏப்ரலில் மாரடைப்பில் போய்விட்டாள். 54 வயது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் "திடீர்னு ஆயிடுச்சு" என்றேன். என் பிள்ளைகளிடமும் அதையேதான் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மீதியைப் பிறகு சொல்கிறேன்.

அதன் பிறகு ஓராண்டு பள்ளிக்கூடம் போனேன். 2018இல் ஓய்வு பெற்றேன். பிறகு கொரோனா வந்தது. வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பதற்கு நல்ல காரணம் கிடைத்தது. கொரோனா போன பிறகும் நான் வெளியே வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. ஏப்ரல் வந்தால் செல்போனை அணைத்துவிடுவேன். உங்களில் சிலர் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை கொண்டுவந்து வைத்தீர்கள். மூட்டுவலி என்று சொல்லி எந்தக் கல்யாணத்துக்கும் நான் வரவில்லை. அதுவும் பொய்தான்.

2023 மே விடுமுறையில் பேத்தி வந்திருந்தாள். பத்தாம் வகுப்புக்குப் போகிறவள். அறிவியல் நோட்டை நீட்டி, "தாத்தா, நீங்க ஹார்ட் படம் பிரமாதமா வரைவீங்கன்னு அம்மா சொன்னாங்க. வரைஞ்சு குடுங்க" என்றாள். 31 வருடம் கரும்பலகையில் வரைந்த படம். சிவப்புச் சாக்பீஸ் ஒரு பக்கம், நீலச் சாக்பீஸ் ஒரு பக்கம், நான்கு அறைகள், அம்புக்குறிகள். உங்களில் யாரைக் கேட்டாலும் அந்தப் படத்தைத்தான் சொல்வீர்கள்.

நான் நோட்டை வாங்கித் தூக்கி எறிந்தேன். கூடத்துச் சுவரில் பட்டு விழுந்தது. ஏதோ கத்தினேன், என்ன வார்த்தை என்று நினைவில்லை. குழந்தை அழவில்லை. நோட்டை எடுத்து, கசங்கிய தாளை நீவிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவு என் மகள், "அப்பா, நீங்க யாரையாவது போய்ப் பாக்கணும்" என்றாள்.

"எனக்கென்ன பைத்தியமா? கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்குறியா?"

"நான் அப்படிச் சொல்லலப்பா. பாப்பா உங்களைப் பார்த்துப் பயப்படுறா."

அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

முதலில் பார்த்தவர் சரிப்படவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நான் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவர் தம் வாழ்க்கைக் கதையைச் சொன்னார். நடுவில் இரண்டு முறை போன் பேசினார். "பேரன் பேத்தியோட சந்தோஷமா இருங்க, கோயிலுக்குப் போங்க" என்று முடித்தார். இதைச் சொல்ல எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள், இலவசமாக. "இவ்வளவுதான் கவுன்சலிங்" என்று திரும்பி வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மகள்தான் விசாரித்து வேறொருவரைச் சொன்னாள். இந்த முறை நானும் விசாரித்தேன்.

விசாரித்ததில் தெரிந்துகொண்டது இது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் முதுகலைக்குப் பிறகு இரண்டாண்டு எம்.ஃபில். போன்ற பயிற்சி முடித்து, ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்; மருந்து எழுத மாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். கவுன்சிலர் என்று பலகை மாட்டியிருப்பவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு, பத்து நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. ஆகவே, "என்ன படிச்சிருக்கீங்க, பதிவு எண் உண்டா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் போனிலேயே கேட்டேன். அந்தம்மா நிதானமாகச் சொன்னார்.

இனி அந்த முதல் நாள்.

சின்ன அறை. இரண்டு நாற்காலி. சோபாவில் படுக்கச் சொல்வார்கள் என்று சினிமா பார்த்து நினைத்திருந்தேன், அதெல்லாம் இல்லை. மேசையில் தண்ணீர், ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பர், எனக்கும் அவருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கடிகாரம். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் "வணக்கம் டாக்டர்" என்றேன். "நான் மருந்து எழுதற டாக்டர் இல்ல சார். உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிக் கூப்பிடுங்க" என்றார். "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

ஒரு படிவம் கொடுத்தார். பெயர், வயது, சாப்பிடுகிற மாத்திரைகள், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்கிற விவரம். பிறகு விதிகளைச் சொன்னார். ஒரு செஷன் 50 நிமிடம். கட்டணம் 1,000 ரூபாய். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கட்டணம். நான் சொல்வது எதுவும் அந்த அறையைவிட்டுப் போகாது. என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தையிடம் பாலியல் கொடுமை, நீதிமன்ற உத்தரவு என்றால் மட்டும் விலக்கு. "உங்க பொண்ணு போன் பண்ணிக் கேட்டாலும் உங்க சம்மதம் இல்லாம நான் சொல்ல மாட்டேன் சார்" என்றார். இது அவருடைய பெருந்தன்மை மட்டுமல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருப்பதை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது.

அடுத்து ஒரு கேள்வித்தாள். ஆயுள் முழுக்க மற்றவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்தவன் கையில்! ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருந்ததா என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. மதிப்பெண் குறைந்தால் நல்லது என்கிற தேர்வை அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. இறந்துபோனால் தேவலை என்றோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது கேள்வி. 0 என்று எழுதிவிட்டு அடித்தேன். "சில நாட்கள்" என்பதற்கு நேராக 1 போட்டேன். மொத்தம் 16.

அந்தம்மா தாளைப் பார்த்தார். பதறவில்லை, உபதேசம் செய்யவில்லை. "இந்த ஒன்பதாவதைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா சார்? எப்படின்னு ஏதாவது திட்டம் மனசுல இருக்கா?" என்று நேராகவே கேட்டார். இல்லை, காலையில் எழுந்திருக்காமல் போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று மட்டும் தோன்றும் என்றேன். அப்படித் தோன்றும்போது யாரை அழைப்பேன் என்று இரண்டு பெயர்களை எழுதச் சொன்னார். ஆறு வருடம் யாரிடமும் சொல்லாத அந்தச் சொல் வாயைவிட்டு வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பது ஆபத்தில்லை. யாருமே கேட்காமல் இருப்பதுதான் ஆபத்து.

தைராய்டு, பி12, சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்னார். உடம்புக் கோளாறும் இதே மாதிரி சோர்வைத் தருமாம். எனக்குச் சர்க்கரை மட்டும்தான், அது பழைய தோழர். ஆறு வாரத்தில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் மனநல மருத்துவரிடமும் அனுப்புவேன் என்று அன்றே சொல்லிவிட்டார்.

50 நிமிடம் முடிந்தது. நான் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். மனம் லேசாகவில்லை. சொல்லப்போனால் கனமாகத்தான் இருந்தது. "ஒரு யோசனையும் சொல்லலையே, இதுக்கு ஆயிரம் ரூபாயா?" என்று லால்குடி பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.

இரண்டாவது, மூன்றாவது செஷன்களும் அப்படித்தான். என் அப்பா எப்படி, எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது, எதற்குக் கோபம் வரும் என்றெல்லாம் கேட்டார். நான் பாடம் நடத்துகிற மாதிரி பதில் சொன்னேன். தலைப்பு, உட்தலைப்பு, முடிவுரை. ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "சார், நீங்க நல்லா விளக்குறீங்க. ஆனா உங்களுக்கு என்ன ஆச்சுன்னு இன்னும் சொல்லலை" என்றார். பிறகு பேசாமல் இருந்தார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நானும் அப்படிக் காத்திருந்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று.

அன்றைக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அன்று நான் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் மையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் சமையல்கட்டிலிருந்து, "ஏங்க, முதுகெல்லாம் இழுக்குது. நெஞ்சு கரிக்குது. வேர்க்குது" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாயுவா இருக்கும். ஓமத்தண்ணி போட்டுக் குடி. சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்" என்றேன். பஸ்ஸைப் பிடித்தேன். மையத்துக்குள் செல்போன் கூடாது, அணைத்துப் பையில் வைத்திருந்தேன். மாலை வெளியே வந்து போனைத் திறந்தால் பக்கத்து வீட்டிலிருந்து பதினொரு அழைப்புகள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

31 வருடம் இதயத்தின் படம் வரைந்தவன். வலது ஆரிக்கிள், இடது வென்ட்ரிக்கிள் என்று தூக்கத்திலும் சொல்வேன். என் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு இதயம் நின்றுகொண்டிருந்தபோது ஓமத்தண்ணி குடிக்கச் சொன்னேன்.

"இதில் உங்க தப்பு எதுவும் இல்லை" என்று அந்தம்மா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், மறுவாரம் போயிருக்கவும் மாட்டேன். அவர் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "இதை ஆறு வருஷம் தனியாத் தூக்கிட்டு இருந்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரங்களில்தான் வேலை ஆரம்பித்தது. வேலை என்றுதான் சொல்ல வேண்டும், வீட்டுப்பாடமும் உண்டு. எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு விழித்தேன் என்று குறித்து வைக்க வேண்டும். தினமும் ஒரு முறை தெருமுனை வரையாவது போய்வர வேண்டும். ஒருநாள் ஒரு தாளில் வட்டம் வரைந்து கொடுத்தார். "அன்னிக்கு நடந்ததுக்கு எதெதெல்லாம் காரணம்? ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு பங்குன்னு பிரிங்க. உங்க பங்கைக் கடைசியில போடுங்க" என்றார்.

யோசித்து எழுதினேன். அவளுக்குப் பன்னிரண்டு வருடச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலி மழுங்கியே வரலாம். பெண்களுக்கு முதுகு வலி, தாடை வலி, நெஞ்சுக் கரிப்பு, மூச்சு வாங்கல் என்று வேறு விதமாக வருவதும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையை அவளே நிறுத்தியிருந்தாள், என்னிடம் சொல்லவில்லை. அவளும் பக்கத்து வீட்டில் சொல்லவில்லை, மதியம் வரை சமாளித்திருக்கிறாள். பக்கத்தில் இதய மருத்துவமனை இல்லை. எல்லாவற்றுக்கும் பங்கு போட்ட பிறகு என் பங்கு அந்த வட்டத்தில் ஆறில் ஒன்றாக நின்றது.

பூஜ்யம் ஆகவில்லை. இன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றுவரை முழு வட்டத்தையும் நானே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலை ஏழரை மணிக்கு எனக்குத் தெரிந்தது எது, சாயங்காலம் தெரியவந்தது எது என்று பிரித்துப் பார்க்கவே இல்லை. ஒரு மாணவன் இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் சிவப்பு மையில் திருத்தியிருப்பேன்.

மொத்தம் 14 செஷன். முதல் எட்டு வாரம் வாரா வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கடைசி முறை அதே கேள்வித்தாளில் 6 மதிப்பெண். ஒன்பதாவது கேள்விக்கு 0, இந்த முறை அடிக்காமல் போட்டது. மாத்திரை எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் சாப்பிட்டிருப்பேன்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2024 பொங்கலுக்கு மகனும் மகளும் வந்திருந்தபோது அந்தக் காலையைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் என்னை வெறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் இத்தனை வருடம் மறைத்தேன். மகன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். ரொம்ப நேரம் வரவில்லை. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது, "அன்னிக்கு முந்தின நாள் ராத்திரி அம்மா எனக்குப் போன் பண்ணாங்கப்பா. மீட்டிங்னு நான் எடுக்கல" என்றான். அவனும் ஒரு முழு வட்டத்தைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா" என்றான்.

இப்போது, முதல் முறை போகப்போகிற பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. முதல் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. "இதைப் பத்தி இப்பப் பேச முடியல" என்று சொல்லலாம். கேட்க நினைப்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

2. கட்டணம், நேரம், ரகசியம், படிப்பு நான்கையும் முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

3. உடனே லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் சில வாரம் பாரம் கூடின மாதிரி இருக்கலாம். மூன்று நான்கு முறை போயும் அவர் உங்களைக் கேட்கவே இல்லை என்று பட்டால், அவரிடமே சொல்லுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் ஆளை மாற்றுங்கள், முயற்சியை விட்டுவிடாதீர்கள்.

4. உபதேசம் கிடைக்கும் என்று போகாதீர்கள். கேள்விதான் கிடைக்கும். பதில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

5. பணம் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். பென்ஷன்காரனான எனக்கே 14,000 ரூபாய் யோசிக்க வைத்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண், 2022இலிருந்து இயங்குகிறது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

உறவுகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது இப்படிப் போகிறார்கள் என்று தெரிந்தால், "உள்ள என்ன பேசின?" என்று கேட்காதீர்கள். "போயிட்டு வந்தியா, சாப்பிடு" என்றால் போதும்.

இதைப் படித்துவிட்டு, "சார், அன்னிக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் அம்மாவோ மனைவியோ முதுகு இழுக்கிறது, நெஞ்சு கரிக்கிறது, வேர்க்கிறது என்றால் ஓமத்தண்ணி காய்ச்ச வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

பேத்தியிடம் அந்தப் பொங்கலின்போதே மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தாத்தா" என்றாள். அந்த நோட்டை எடுத்து வரச் சொன்னேன். கசங்கின பக்கம் இன்னும் கசங்கியே இருந்தது. அடுத்த பக்கத்தில் வரைந்து கொடுத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது, இடது வென்ட்ரிக்கிள் சுவர் கோணலாகத்தான் வந்தது. அவள் அப்படியே பார்த்து வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கினாள். ஒரு மதிப்பெண் என்னால் போயிருக்கும்.

படிக்கட்டில் கையைப் பிடித்து அழைத்துப்போன தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். என் கடைவாய்ப் பல் நன்றாக இருக்கிறது. உன் அம்மாவுக்குப் பல் செட்டாகிவிட்டதா என்று எழுது. ஆவணியில் உன் தங்கை கல்யாணத்துக்கு இந்த முறை கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்
லால்குடி